கோட்டை கல்லூரியான வரலாறு

அரபு மொழியில் ‘ரிபாத்’ என்றொரு சொல் உண்டு. கட்டுதல், பிணைத்தல் என்பது அதன் முதற்பொருள். பகைவரின் வரவை எதிர்நோக்கி எல்லைப்புறத்தில் குதிரைகளைக் கட்டி வைத்துக் காத்திருக்கும் செயலைத் திருக்குர்ஆனின் எட்டாவது அத்தியாயம் இச்சொல்லாலேயே குறிக்கின்றது. நாளடைவில் செயலின் பெயர் இடத்தின் பெயராயிற்று. எல்லைக் காவலர் தங்கிய கோட்டைகள் ரிபாத்துகள் என வழங்கப்பெற்றன. துனீசியாவின் கடலோரத்தில் மொனஸ்தீர் நகரில் ஹிஜ்ரி 180இலும் (கி.பி. 796), ஸூஸா நகரில் ஹிஜ்ரி 206இலும் (கி.பி. 821) எழுந்த ரிபாத்துகளை இன்றும் காணலாம். அங்கே காவலும் வணக்கமும் ஒரு கூரையின் கீழ் நடந்தன. காலம் செல்லச் செல்ல எல்லைகள் நகர்ந்தன. காவலுக்கு வேலையில்லாமற் போயிற்று. ஓதலும் ஓதுவித்தலும் மட்டும் எஞ்சின. முடிவில் ரிபாத் என்பது ஸூஃபிகளின் உறைவிடத்திற்கும் மாணவர் விடுதிக்கும் பெயராகிவிட்டது. ஹள்ரமவ்த்தின் தரீம் நகரிலே மார்க்கக் கல்விக்கூடம் ஒன்றே இப்பெயர் தாங்கி நிற்கின்றது.

கூஃபாவும் பஸராவும் தொடக்கத்தில் படைப் பாசறைகளே. எகிப்தின் ஃபுஸ்தாத்தும் ஆப்பிரிக்காவின் கைரவானும் அவ்வாறே. நாம் மதரஸாவில் நஹ்வு ஓதிய நாட்களில், “பஸராவார் இப்படிச் சொல்கின்றனர், கூஃபாவார் இதனை மறுக்கின்றனர்” என்று உஸ்தாது பாடம் நடத்துவார். கலீலையும் ஸீபவைஹியையும் இமாம் அபூஹனீஃபாவையும் தந்த அவ்விரு நகரங்களும் கூடாரமடித்த இடங்களாகத் தொடங்கியவை என்பது அன்று நம் நினைவுக்கு வந்ததில்லை.

ஆகவே, பாசறை பள்ளியாவது நமக்குப் புதிய செய்தியன்று. வாள் இருந்த இடத்தில் எழுதுகோல் வந்தது என்று கேட்டவுடன் நம் மனம் மகிழ்ந்துவிடுகின்றது. ஆனால் அம்மகிழ்ச்சி எப்போதும் தகுமா? வாளைக் கீழே வைத்துவிட்டு அதே போரை எழுதுகோலால் நடத்த முடியாதா? இவ்வினாவுக்கு விடை தரக்கூடிய ஓர் ஊர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் உள்ளது. கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் லூயிஸ் கல்லூரியின் வரலாற்றையே இங்கே சொல்லப் புகுகின்றோம்.

மலையடிவாரத்துப் பாசறை

கொலராடோவின் மேற்குப் பகுதி முழுவதும் யூட் என்னும் பூர்வகுடி மக்களின் வேட்டை நிலம். நம் பழைய பாடநூல்கள் ‘செவ்விந்தியர்’ என்று எழுதினவே, அம்மக்களுள் ஒரு பிரிவினர் இவர்கள். 1868ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, இன்றைய கொலராடோவின் மேற்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவர்களுக்கே உரியது என அமெரிக்க அரசு எழுதிக் கொடுத்தது. ஐந்தே ஆண்டுகளில் அது மாறியது. சான் ஹுவான் மலைகளில் பொன்னும் வெள்ளியும் கண்ட சுரங்கக்காரர்கள் திரண்டு வந்தனர். அவர்களை வெளியேற்ற வேண்டிய அரசு, யூட் மக்களையே விலகச் சொன்னது. 1873இல் ப்ரூனோ என்பவர் முன்னின்று முடித்த ஒப்பந்தத்தால் ஏறத்தாழ 37 லட்சம் ஏக்கர் மலைநிலம் அவர்கள் கைவிட்டுப் போயிற்று. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 25,000 டாலர் தருவதாக அரசு ஒப்புக்கொண்டது.

நிலம் பறிபோன இடத்தில் கசப்பு எழும். கசப்பு எழுந்த இடத்தில் படை வரும். 1878இல் பகோசா ஸ்பிரிங்ஸ் என்னும் வெந்நீரூற்றின் அருகே படைத்தளம் ஒன்று அமைந்தது. அதற்கு லூயிஸ் என்னும் படை அதிகாரியின் பெயர் இடப்பட்டது. அவர் யார் என்பதை அறிந்துகொள்வது நன்று. தம் தாயகத்திலிருந்து பெயர்க்கப்பட்டுத் தெற்கே தொலைவில் குடியமர்த்தப்பட்ட வட செயேன் மக்கள், அங்கே பசியும் நோயும் பொறுக்காமல், 1878இல் பெண்டிர் பிள்ளைகளுடன் வடக்கு நோக்கித் திரும்பி நடந்தனர். அவர்களைத் தடுக்கப் பின்தொடர்ந்த படைக்குத் தலைமை தாங்கிக் கன்ஸாஸில் காயமுற்று மாண்டவரே லெஃப்டினன்ட் கர்னல் வில்லியம் லூயிஸ். வீடு திரும்ப முயன்றோரை மறிக்கச் சென்றவரின் பெயர் அது. பிற்பாடு நடந்தவற்றைப் படிக்கும்போது இப்பெயர் நம்மை உறுத்தாமல் விடுவதில்லை.

1879இல் வடக்கே வெள்ளாற்று முகாமில் கலகம் மூண்டது. முகாம் அதிகாரி மீக்கர் கொல்லப்பட்டார். யூட் மக்கள் வெளியேறியே ஆகவேண்டும் என்னும் கூச்சல் கொலராடோ எங்கும் எழுந்தது. 1880இல் லூயிஸ் கோட்டை மேற்கே லா பிளாட்டா ஆற்றங்கரைக்கு, இன்றைய ஹெஸ்பரஸ் ஊருக்கருகே, இடம் மாறிற்று. கோட்டை என்றதும் நமக்குச் செஞ்சியும் வேலூரும் கண்முன் வரும். இதுவோ மதிலும் அகழியும் இல்லாத கோட்டை. திறந்த வெளியில் அணிவகுப்புத் திடலும் அதைச் சூழ்ந்த தங்குமிடங்களுமே அது. 1881இல் வடக்கத்திய யூட் குலங்கள் யூட்டா பகுதிக்கு வெளியேற்றப்பட்டன. தென் குலங்கள் மூன்றுக்கு மட்டும் நியூ மெக்ஸிகோ எல்லையை ஒட்டி 110 மைல் நீளமும் 15 மைல் அகலமும் கொண்ட ஒரு பட்டை நிலம் மிஞ்சியது. அதே ஆண்டு புகைவண்டி டுராங்கோ நகருக்கு வந்து சேர்ந்தது. காவல் புரிய எல்லையே இல்லாமற் போனபின் கோட்டைக்கு என்ன வேலை? 1891இல் படை வெளியேறியது.

படை சென்றது, பள்ளி வந்தது

வெறுமையான பாசறைகளைப் பூர்வகுடிச் சிறாரின் பள்ளிகளாக்கலாம் என்று அமெரிக்கப் பாராளுமன்றம் 1882இலேயே சட்டம் இயற்றியிருந்தது. இவ்வகைப் பள்ளிகளின் முன்மாதிரி, 1879இல் பென்சில்வேனியாவின் கார்லைல் பாசறையில் தொடங்கப்பட்ட பள்ளி. அதன் நிறுவனர் ரிச்சர்ட் பிராட் ஒரு படை அதிகாரி. ஃபுளோரிடாவின் கோட்டை ஒன்றில் பூர்வகுடிக் கைதிகளைக் காவல் காத்தபோது கையாண்ட முறைகளையே அவர் பள்ளிக்கும் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தின் மூலம் சிறைக்கூடம் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1892இல் லூயிஸ் கோட்டை இத்தகைய உறைவிடப் பள்ளியாயிற்று. இவ்வகைப் பள்ளிகளின் நடைமுறை எங்கும் ஏறத்தாழ ஒன்றே. பிள்ளை வந்து சேர்ந்த நாளில் தலைமயிர் கத்தரிக்கப்படும், உடுத்தி வந்த ஆடை களையப்படும், புதுப்பெயர் சூட்டப்படும், தாய்மொழி பேசினால் தண்டனை. அரைநாள் பாடம், அரைநாள் உழைப்பு. உழவும் தச்சும் ஆண்பிள்ளைகளுக்கு. சமையலும் துவைத்தலும் தையலும் பெண்பிள்ளைகளுக்கு. கொம்பூதினால் எழுந்து வரிசையில் நடந்து உணவுக்குச் செல்ல வேண்டும். படைவீரர் போய்விட்டனர், அணிவகுப்பு போகவில்லை.

அண்டையிலிருந்த யூட் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினர். அதற்குக் காரணம் இருந்தது. 1880களில் ஆல்புகர்க்கி நகரத்துப் பள்ளிக்கு அனுப்பிய பிள்ளைகளுள் பலர் உயிருடன் திரும்பவில்லை. நவஹோ, அப்பாச்சி முதலிய பிற குலத்துப் பிள்ளைகளும் இங்கே கொண்டுவரப்பட்டனர். நெருக்கமாக அடைத்து வைத்த இத்தகைய விடுதிகளில் காசநோயும் கண்நோயும் தொற்றிப் பரவின. 1903இல் டென்வர் போஸ்ட் நாளிதழ், இப்பள்ளியின் கண்காணிப்பாளர் மாணவியரிடத்தும் பெண் ஆசிரியரிடத்தும் முறைகேடாக நடந்துகொண்டார் என்னும் கடுங்குற்றச்சாட்டுகளை வெளியிட்டது.

கல்வியைக் கடமையாக்கிய மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். கல்வி என்ற பெயரைக் கேட்டவுடன் தலைவணங்குவது நம் வழக்கம். ஆயினும் கற்பவனிடமிருந்து தாயையும் மொழியையும் பறித்துக்கொண்டு தரப்படுவதற்கும் கல்வி என்ற பெயர் தகுமா என்பதை லூயிஸ் கோட்டைப் பள்ளி நம்மை எண்ண வைக்கின்றது. நபிமார் ஒவ்வொருவரும் அவரவர் சமுதாயத்தின் மொழியிலேயே அனுப்பப்பட்டனர் என்பது நம் வேதத்தின் கூற்று. மொழியைப் பிடுங்கிவிட்டுப் போதிக்கும் முறை இறைவனின் முறையாக இருக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஒரு நிபந்தனை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூட்டரசு இப்பள்ளியைக் கைவிட முடிவு செய்தது. 6,279 ஏக்கர் நிலமும் கட்டடங்களும் கொலராடோ மாநிலத்திற்கு அளிக்கப்பட்டன. 1910இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. இவ்விடம் என்றும் கல்வி நிலையமாகவே இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. பூர்வகுடி மாணவர் எக்காலத்தும் கல்விக் கட்டணமின்றி, வெள்ளையருக்குச் சமமான நிலையில், சேர்க்கப்பட வேண்டும் என்பது மற்றொன்று. 1911 சனவரியில் மாநில ஆளுநர் ஷாஃப்ராத் இந்நிபந்தனைகளை ஒப்புக்கொண்டு நிலத்தை ஏற்றார்.

அதன்பின் அவ்விடம் வேளாண்மை உயர்நிலைப் பள்ளியாயிற்று. 1920களில் கல்லூரிப் பாடங்களும் சேர்ந்தன. 1933 முதல் கல்லூரிப் பாடங்கள் மட்டுமே நடந்தன. 1956இல் கல்லூரி பழைய கோட்டையை விட்டு டுராங்கோ நகரை நோக்கி நிற்கும் மேட்டு நிலத்திற்குக் குடியேறிற்று. 1960களின் தொடக்கத்தில் நான்காண்டுப் பட்டக் கல்லூரியாக வளர்ந்தது. இடம் மாறியும் பெயர் மாறவில்லை. பெயரோடு நிபந்தனையும் கூடவே வந்தது. பழைய கோட்டை நிலமோ உழவுப் பயிற்சிக்கு உதவி வருகின்றது.

நம் ஃபிக்ஹு நூல்களில் வக்ஃபுப் பாடம் ஓதியோர்க்கு இது பழகிய செய்தியாகத் தோன்றும். வக்ஃபு செய்தவர் விதித்த நிபந்தனை, சட்டம் தந்தவனின் வாக்கைப் போன்று பேணப்பட வேண்டும் என்பது ஃபுகஹாக்களின் விதி. முத்தவல்லி மாறலாம், கட்டடம் இடிந்து மீண்டும் எழலாம், ‘ஷர்த்து’ மாறாது. கொலராடோ மாநிலம் இங்கே முத்தவல்லி. பூர்வகுடி மாணவரோ பயன்பெறும் உரிமையாளர்.

ஆனால் ஒப்புமையை இதற்குமேல் கொண்டுசெல்ல நம் மனம் இடந்தரவில்லை. வக்ஃபு செய்வோன் தனக்குச் சொந்தமானதையே வக்ஃபு செய்ய முடியும் என்பதும் அதே பாடத்தின் முதல் நிபந்தனையாகும். பிறனுடையதை அபகரித்தல் ‘கஸ்பு’. அபகரித்த நிலத்தை அறம் செய்தால் அந்த அறம் செல்லாது. லூயிஸ் கோட்டை நிலத்தை மாநிலத்துக்குத் ‘தந்த’ அரசு, அதனை யாரிடமிருந்து பெற்றது என்பதை முன்னரே கண்டோம். ஆகவே கட்டணமில்லாக் கல்வி என்பதைத் தர்மமாகக் கருதுதல் தவறு. அது கடன். திருப்பித் தர வேண்டியதில் ஒரு சிறு பகுதி.

மன்றம் ஏறிய வாக்குறுதி

வாக்குறுதி கொடுப்பது எளிது. அதனைக் காப்பதற்குச் செலவு வரும்போதுதான் சோதனை. முதற் பத்தாண்டுகளில் இவ்வுரிமையைப் பயன்படுத்த வந்தோர் சிலரே. ஆகையால் மாநிலத்துக்குச் சுமை தெரியவில்லை. பிற்காலத்தில் அமெரிக்காவின் பல பகுதிகளிலிருந்தும் பூர்வகுடி இளைஞர் வரத் தொடங்கினர். உடனே கணக்கு பார்க்கப்பட்டது. 1971இல் கொலராடோ சட்டமன்றம், கட்டணச் சலுகை கொலராடோவில் வாழும் பூர்வகுடியினருக்கு மட்டுமே என்று சட்டம் செய்தது.

வழக்கு எழுந்தது. 1910ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘கொலராடோவில் வாழ்வோர்’ என்னும் சொல் எங்கே உள்ளது என்பதுதான் வினா. அது எங்கும் இல்லை. 1973இல் பத்தாம் வட்டார மேல்முறையீட்டு மன்றம், நிலத்தை ஏற்றபோது மாநிலம் நிபந்தனையையும் ஏற்றது. அதனை ஒருதலையாகக் குறுக்க மாநிலத்திற்கு உரிமையில்லை என்று தீர்த்தது. ஒரு சொல்லைக் கூட்டவும் குறைக்கவும் இடங்கொடாத அத்தீர்ப்பைப் படிக்கும்போது நம் காளிகள் வக்ஃபுப் பத்திரங்களைச் சொல் சொல்லாக எடுத்து நிறுத்து வழங்கிய தீர்ப்புகளே நினைவுக்கு வருகின்றன.

மின்னஸோட்டா மாநிலத்தின் மோரிஸ் நகரிலும் இதுபோன்ற ஓர் உறைவிடப் பள்ளி 1909இல் அதே நிபந்தனையுடன் மாநிலத்துக்குக் கைமாறியது. இன்று அது மின்னஸோட்டா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். அங்கும் அவ்வாக்குறுதி நடைமுறையில் இருக்கின்றது. டுராங்கோவிலோ இன்று மாணவருள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பூர்வகுடியினர். நூற்றுக்கும் மேற்பட்ட குலங்களிலிருந்து வருகின்றனர். விடுதிக்கும் உணவுக்கும் அவர்கள் செலவிடத்தான் வேண்டும்; கல்விக் கட்டணம் மட்டுமே இல்லை. எனினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அவர்களின் பாட்டன் பாட்டியர் அரசின் கெடுபிடியால் இப்பெயர் கொண்ட பள்ளிக்குள் வந்தனர். இவர்கள் தாமே விரும்பி வருகின்றனர்.

மணிக்கூண்டுப் பலகைகள்

இத்துடன் கதை முடிந்ததென்றால் இது இனிய கதையாக இருந்திருக்கும். கல்லூரி வளாகத்தின் நடுவே மணிக்கூண்டு ஒன்று உண்டு. பழைய கோட்டையின் வரலாற்றைக் கூறும் படப் பலகைகள் அதன் அடியில் நெடுங்காலம் இருந்தன. உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள் நல்ல ஆடையும் நல்ல வாழ்வும் பெற்று மகிழ்ந்திருந்தது போன்ற தோற்றத்தை அவை தந்தன. தினந்தோறும் ஆயிரக்கணக்கானோர் அவற்றைக் கடந்து சென்றனர். அக்கல்லூரியிலேயே பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியராகத் திரும்பிய பூர்வகுடிப் பெண்மணி ஒருவர் நின்று படித்தார். இது மெய்யன்று என்று எடுத்துரைத்தார்.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இவ்விடத்தில் ஒரு வினா எழாமல் இராது. இச்செய்தியின் ‘ஸனது’ எங்கே? அறிவித்தவர் யார்? பலகை சொன்ன வரலாறு பள்ளியை நடத்தியோரின் பக்கமிருந்து வந்த வரலாறு. அங்கே வாழ்ந்த பிள்ளைகளின் வாய்மொழி அதில் ஒன்றுமில்லை. தன்னைப் பற்றித் தானே நற்சாட்சி கூறுவோனின் சொல்லை நம் முஹத்திஸுகள் தனித்து ஏற்றதில்லை. 2021 செப்டம்பரில், பூர்வகுடிப் பெரியோர் கூடிய நிகழ்ச்சியில், அப்பலகைகள் அகற்றப்பட்டன.

அடுத்த ஆண்டு கொலராடோ மாநிலம் ஒரு சட்டத்தின் மூலம் இவ்வரலாற்றை ஆராய ஆணையிட்டது. ஆவணங்களும் பழைய கோட்டையின் அடக்கத்தலமும் ஆராயப்பட்டன. லூயிஸ் கோட்டைப் பள்ளியில் குறைந்தது 31 பிள்ளைகள் உயிரிழந்தனர் என 2023இல் வெளிவந்த அறிக்கை கூறுகின்றது. 2024இல் கூட்டரசு வெளியிட்ட கணக்கின்படி, நாடெங்கும் இத்தகைய பள்ளிகள் 417. அவற்றில் மாண்டதாக உறுதிப்பட்ட பிள்ளைகள் குறைந்தது 973 பேர். அவ்வாண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவர் பைடன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார். கோட்டைப் பள்ளி மூடப்பட்டு அப்போது நூறாண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது.

கடமையும் கடனும்

அபகரித்த நிலத்தில் ஒருவன் தொழுதால் அத்தொழுகையின் நிலை என்ன? இது நம் ஃபிக்ஹு நூல்களில் வரும் ஒரு மஸ்அலா. ஹன்பலி மத்ஹபின் பெயர்பெற்ற கருத்துப்படி அத்தொழுகையே கூடாது. நம் ஷாஃபி மத்ஹபு உட்படப் பெரும்பான்மையோர் கூறுவது வேறு. தொழுகை நிறைவேறிவிடும், ஆனால் நிலத்தை உரியவரிடம் சேர்க்கும்வரை பாவம் கழுத்தை விட்டு அகலாது. மாணவப் பருவத்தில் இதனை ஓதியபோது, சொற்களைப் பிரித்து விளையாடும் நுட்பமாகவே நமக்குப் பட்டது. ஒரே செயல் எவ்வாறு கடமையை நிறைவேற்றவும் பாவத்தில் நிற்கவும் முடியும் என்று அப்போது சிரித்ததும் உண்டு.

ஃபோர்ட் லூயிஸ் கல்லூரியின் வரலாற்றைப் படித்தபின் அம்மஸ்அலாவின் ஆழம் நமக்குப் புரிகின்றது. அங்கே நடைபெறும் கல்வி மெய்யான கல்வி. அதனால் பயன்பெற்ற ஆயிரக்கணக்கானோரின் பட்டம் மெய்யான பட்டம். எனினும் அந்நன்மையைக் காட்டி 31 பிள்ளைகளின் கணக்கைத் தீர்த்துவிட முடியாது. அக்கணக்கைக் காட்டி இன்றைய நன்மையை இல்லையென்று சொல்லவும் முடியாது. இரண்டும் தத்தம் ஏட்டில் எழுதப்பட்டே இருக்கும். கல்லூரி செய்யக்கூடியது இரண்டே: நிபந்தனையை ஒரு சொல்லும் குறையாமல் காத்தல், நடந்ததை ஒரு சொல்லும் மறையாமல் கூறுதல். முன்னதற்கு நீதிமன்றம் துணை நின்றது. பின்னதற்கு ஓர் ஆசிரியை போதுமானவராக இருந்தார்.

இதனை நெடுந்தொலைவில் உள்ளோர் கதையென்று மடித்து வைத்துவிட வேண்டியதில்லை. நம் ஊர்களிலும் பள்ளிவாசல் பெட்டிகளில் பழைய வக்ஃபுப் பத்திரங்கள் உறங்குகின்றன. இன்னின்ன நிலத்தின் வருவாய் ஓதும் பிள்ளைகளுக்கு, இன்னின்ன தோப்பின் பலன் வழிப்போக்கருக்கு என்று நம் முன்னோர் எழுதி வைத்துச் சென்றனர். அவர்கள் தந்தது தம் சொந்த உடைமையை. ஆகவே நம் பொறுப்பு கொலராடோவின் பொறுப்பைவிடக் கனமானது. அப்பத்திரங்களை எடுத்துப் படித்து எத்தனை ஆண்டுகளாயின என்று ஒவ்வோர் ஊர் ஜமாஅத்தும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளட்டும். கொடுத்த வாக்கைப் பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்பது நாம் ஈமான் கொண்ட செய்தி. அந்த விசாரணைக்குமுன் நம் பத்திரங்களை நாமே ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.